காவியா கணவாய், 1988 ஜூன் 5: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் ஜிரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயம் உயர்ந்த மலைகளுக்குள் நுழையும்போது, வீரர்கள் பனியில் மலை தாண்டிய 1988-ஆம் ஆண்டின் காவியா நாளைப் பற்றிய பேச்சு எப்படியும் எழுந்துவிடும். பேச்சு எழும்போதெல்லாம் அதே ஐயங்களும் கூடவே வரும். பல ஆண்டுகளாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இப்போது ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் விளக்கியதைப் பின்னால் மறுபடி சொல்லாமல் சுட்டிக் காட்டியிருக்கிறேன்.

காவியா என்பது ஊரா, மலையா? பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறதே?

காவியா ஒரு மலைக்கணவாய். வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில், தெற்கே பொந்தே தி லெஞ்ஞோ என்ற ஊரையும் வடக்கே போர்மியோ என்ற ஊரையும் இணைக்கும் சாலை இதன் மேல் ஏறி இறங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், பனி விலகிய மாதங்களில் மட்டுமே சாலை திறந்திருக்கும். நம்மிடையே வழங்கும் பெயரோடு இதற்கு ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை.

தெற்குப் பக்கத்து ஏற்றம் 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சராசரிச் சரிவு ஏறத்தாழ 8 சதவீதம். மிகச் செங்குத்தான இடங்களில் 16 சதவீதத்தைத் தொடும். 1988-இல் இந்தப் பக்கத்தின் மேற்பகுதி இன்னும் தார் காணாத மண் சாலையாகவே இருந்தது. குறுகலான அந்தச் சாலையில் பள்ளத்தின் பக்கம் தடுப்புச் சுவர் இல்லாத இடங்கள் நிறைய. அன்றைய கதையைக் கேட்கும்போது இந்த மண் சாலையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் இப்போதுதான் சைக்கிள் பந்தயம் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஜிரோ, கட்டம், இளஞ்சிவப்புச் சட்டை என்றெல்லாம் சொல்கிறீர்களே, அவை என்ன?

ஜிரோ தி இத்தாலியா என்பது 1909-இல் தொடங்கிய, மூன்று வாரம் நடக்கும் இத்தாலியச் சுற்றுப் பந்தயம். ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் முதலில் வருபவர் அந்த நாளின் வெற்றியாளர். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைந்த மொத்த நேரம் கொண்டவர் பந்தயத்தின் வெற்றியாளர். மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவர் மறுநாள் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்து ஓட்டுவார். கட்டங்களில் பிடிக்கும் இடத்துக்கேற்பக் கிடைக்கும் புள்ளிகளில் முன்னிலை வகிப்பவருக்கு ஊதா நிறச் சட்டை உண்டு.

நாள் வெற்றியும் பந்தய வெற்றியும் வேறு வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். காவியா நாளைப் பற்றிய குழப்பங்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கின்றன.

அன்று என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்களேன்.

1988 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. ஜிரோவின் 14-ஆம் கட்டம். கியேசா இன் வால்மலெங்கோ என்ற மலையூரில் புறப்பட்டு, அப்ரிகா கணவாயைத் தாண்டி, பொந்தே தி லெஞ்ஞோ வழியாகக் காவியா ஏறி, மறுபுறம் போர்மியோவில் முடியும் 120 கிலோமீட்டர்ப் பாதை. மூன்று வாரப் பந்தயத்தில் 120 கிலோமீட்டர் என்பது குறைவான தொலைவு. காலையில் புறப்படும்போதே பள்ளத்தாக்கில் குளிர்ந்த மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேலே பனி பெய்கிறது என்ற செய்தியும் அணிகளுக்கு எட்டியிருந்தது. அன்று இளஞ்சிவப்புச் சட்டையுடன் புறப்பட்டவர் இத்தாலியரான ஃபிராங்கோ கியோச்சோலி.

காவியாவின் அடிவாரத்தை அடைவதற்குள் எல்லாரும் நனைந்து ஊறியிருந்தார்கள். ஏற ஏற மழை பனியாக மாறியது; மண் சாலை சேறாகி, சேற்றின் மேல் பனி படிந்தது. செவன் இலெவன் அணியின் அமெரிக்க வீரர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் ஏற்றத்தின் கீழ்ப்பகுதியிலேயே வேகத்தைக் கூட்டி, மற்ற முன்னணி வீரர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார். அவருக்கும் முன்னால் தனியாக ஏறிக்கொண்டிருந்தவர் ஊதாச் சட்டைக்காரரான டச்சு வீரர் யோஹான் வான் டர் வெல்டே. உச்சியை முதலில் கடந்தவரும் அவர்தான்.

அதன் பிறகு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தில் வரிசை முழுவதும் குலைந்துபோனது. வான் டர் வெல்டே பனியில் காணாமல் போனார். ஹாம்ப்ஸ்டன் முன்னிலைக்கு வந்தார். பானசோனிக் அணியின் டச்சு வீரர் எரிக் ப்ரூக்கிங்க், போர்மியோவுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் இருக்கும்போது ஹாம்ப்ஸ்டனை எட்டிப் பிடித்துத் தாண்டி, 7 வினாடி முன்னதாகக் கோட்டைக் கடந்தார். மூன்றாவதாக வந்த இத்தாலியர் ஸ்தெஃபானோ தொமாசினிக்கும் முதல் இருவருக்கும் இடையே நான்கரை நிமிடத்துக்கும் அதிகமான இடைவெளி. கியோச்சோலி ஐந்து நிமிடத்துக்கும் மேல் இழந்தார். இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனின் தோளுக்கு வந்தது.

ஜூன் மாதத்தில் பனியா? கோடைக்காலம் இல்லையா அது?

பள்ளத்தாக்கில் கோடைதான். 2,600 மீட்டரில் ஜூன் தொடக்கம் என்பது குளிர்காலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஆறு பாகை, ஏழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே சில்லிடும் மழை என்றால் மேலே பனி என்பதில் வியப்பில்லை. உழுது ஒதுக்கிய பழைய பனி சாலையோரத்தில் சுவராக நிற்க, அதன் மேல் புதுப்பனி விழுந்துகொண்டிருந்தது.

ஏற்றத்தில்தானே கஷ்டம்? உச்சிக்கு வந்துவிட்டால் மிதிக்காமலே உருண்டு இறங்கிவிடலாமே, எல்லாரும் ஏன் இறக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள்?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அந்த நாளின் உட்பொருளே இதற்குள் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏறும்போது உடல் ஒரு அடுப்பு. தசைகள் முழு வீச்சில் வேலை செய்கின்றன; வேகமோ மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்பதால் எதிர்க்காற்று பெரிதாக இல்லை. நனைந்த சட்டைக்குள்ளும் சூடு தங்குகிறது. உச்சியைத் தாண்டிய அந்த நொடியில் அடுப்பு அணைந்துவிடுகிறது. கால்களுக்கு வேலை இல்லை. ஆனால் வேகம் மூன்று நான்கு மடங்காகிறது. நனைந்த உடலின் மீது உறைபனிக் காற்று அறைகிறது. அரைமணி நேரத்துக்கும் மேல் இப்படியே இறங்க வேண்டும்.

முதலில் போவது விரல்கள். அன்றைய சைக்கிள்களில் பிரேக் என்பது சக்கரத்தின் விளிம்பை இரண்டு ரப்பர்க் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. விளிம்பில் நீரும் பனியும் படிந்திருந்தால், கட்டை அதைத் துடைத்து முடிக்கும் வரை பிடிமானமே கிடைக்காது. ஆகவே வழக்கத்தைவிட முன்கூட்டியும் வலுவாகவும் அழுத்த வேண்டும். அழுத்த வேண்டிய விரல்களோ மரத்துக் கிடக்கின்றன. விரல் பிரேக் பிடியின் மீது இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்ற நிலை. கண்ணிலும் பனி. எதிரே கொண்டை ஊசி வளைவு.

இயந்திரமும் உறைந்தது. கியர் மாற்றும் பகுதியிலும் பின்சக்கரப் பற்களிலும் பனிக்கட்டி கோத்துக்கொண்டால் செயின் நகராது. ஹாம்ப்ஸ்டன் இறக்கத்திலும் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தார். கால்கள் விறைக்காமல் இருக்கவும், செயின் ஓடும் பற்களில் பனி இறுகிவிடாமல் இருக்கவும் அந்த மிதி தேவைப்பட்டது. ஒரு சமயத்தில் அவருக்கு ஒரே ஒரு கியர்தான் வேலை செய்தது. உருண்டு இறங்கியவர்கள் உறைந்துபோனார்கள் என்று சொன்னால் அது வெறும் சொல்லலங்காரம் ஆகாது.

அன்று ஹாம்ப்ஸ்டன்தானே முதலில் வந்தார்?

இல்லை. மேலே சொன்னபடி கட்டத்தை வென்றவர் எரிக் ப்ரூக்கிங்க். ஹாம்ப்ஸ்டன் 7 வினாடி பின்னால் இரண்டாவதாக வந்தார். மொத்த நேரத்தில் முன்னிலை பெற்றதால் இளஞ்சிவப்புச் சட்டை அவருக்குக் கிடைத்தது. பந்தயத்தையும் இறுதியில் அவரே வென்றார். நினைவு இரண்டு வெற்றிகளையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மற்றவர்களெல்லாம் உறைந்துபோனபோது ஹாம்ப்ஸ்டன் மட்டும் எப்படித் தாங்கினார்? அமெரிக்காவில் குளிரான ஊர்க்காரர் என்பதாலா?

அவர் வடக்கு டகோட்டாவில் வளர்ந்தவர் என்பது உண்மை. கடும் குளிர் அவருக்குப் புதிதன்று. ஆனால் அதையே காரணமாகச் சொல்வது, அன்று காலை அவருடைய அணி செய்த வேலையை மறைத்துவிடும். மேலே பனி என்ற செய்தி கிடைத்ததும், அணியின் மேலாளர்கள் அந்தப் பகுதியிலிருந்த பனிச்சறுக்குக் கடைக்குப் போய்த் தடித்த கையுறைகளும் கம்பளித் தொப்பிகளும் குளிராடைகளும் வாங்கி வந்தார்கள். உச்சிக்குச் சற்று முன்பு தம் ஆட்களைச் சூடான பானத்தோடும் உலர்ந்த உடையோடும் நிறுத்தி வைத்தார்கள். வீரர்களின் கை கால்களில் ஆட்டு ரோமக் கொழுப்பைத் தடித்துப் பூசினார்கள். கடலில் நெடுந்தொலைவு நீந்துபவர்கள் பூசிக்கொள்வது போன்ற பூச்சு அது.

இத்தனையும் இருந்தும் அவர் வதைபட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தின் மேற்பகுதியில் தலையில் கோத்திருக்கும் தண்ணீரைத் தட்டிவிடலாம் என்று கையை ஓட்டியபோது, தலைமுடியில் திரண்டிருந்த பனி உருண்டையாக முதுகில் உருண்டு இறங்கியதாம். அதுவரை தலை மேல் பனி சேர்ந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இறக்கத்தில் ஒருமுறை குனிந்து தம் கால்களைப் பார்த்தார். கொழுப்புப் பூச்சுக்கு மேல் பனிப்படலம். அதற்குள்ளே தோல் செக்கச்செவேலென்று தெரிந்தது. அதன் பிறகு கால்களைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

அன்று ஏறும் திறமையில் அவருக்கு நிகரானவர்கள் இருந்தார்கள். கையுறை மாட்டிய கைகளோடும் ஒரு குவளைச் சூட்டோடும் உச்சியைக் கடந்தவர்கள்தான் மிகச் சிலர். என் கணக்கில் அந்த ஜிரோ, காலையில் ஒரு கடையின் கல்லாவுக்கு முன்னால் நின்றபோதே பாதி வென்றாகிவிட்டது.

உச்சியை முதலில் கடந்தவர் 47 நிமிடம் பின்தங்கினார் என்கிறார்களே, அது எப்படி முடியும்? வழி தவறிவிட்டாரா?

வழி தவறவில்லை, இருந்ததே ஒரு சாலைதான். வான் டர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு ஏறினார். தொப்பி இல்லை, தடித்த கையுறை இல்லை. கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே வெறும் முழங்கைகளில் பனி படிய அவர் மேலேறும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஏறும்வரை அந்த அடுப்பு அவரைக் காத்தது. இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே உடல் நடுக்கம் கைமீறிப் போய், சைக்கிளை விட்டு இறங்கினார். சாலையோரம் நின்ற வண்டி ஒன்றுக்குள் ஒதுங்கி, சூடான பானமும் பிராந்தியும் குடித்து, உடம்பு தன் வசத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் மீண்டும் இறங்கினார். போர்மியோ வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ 47 நிமிடம் கடந்திருந்தது.

அவர் அனுபவமில்லாத இளைஞர் அல்லர். முந்தைய ஆண்டும் ஜிரோவின் ஊதாச் சட்டையை வென்றவர். அவரைக் கேலியாகப் பேசுவோர் உண்டு; எனக்கு அது பொறுக்காது. அந்த ஏற்றத்தில் எல்லாரையும்விட முன்னால் போனவர் அவர்.

அவ்வளவு தாமதமாக வந்தவரைக் கால வரம்பு காட்டி வெளியேற்றியிருக்க வேண்டுமே?

ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி ஒரு கால வரம்பு வைப்பார்கள். அதற்குப் பின் வருபவர்கள் பந்தயத்திலிருந்து விலக்கப்படுவார்கள். ப்ரூக்கிங்கின் நேரம் 3 மணி 53 நிமிடம். வழக்கமான கண்டிப்போடு கணக்குப் பார்த்தால் வான் டர் வெல்டே நிலை சிக்கல்தான். ஆனால் அசாதாரணச் சூழலில் வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் நடுவர்களுக்கு உண்டு. அவர் பந்தயத்தில் நீடித்தார். அதுமட்டுமன்று, ஜிரோ முடிந்தபோது ஊதாச் சட்டையை வென்றவரும் அவரே.

கியோச்சோலிக்கு என்ன ஆயிற்று? இளஞ்சிவப்புச் சட்டை இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

இறக்கத்தைப் பற்றி மேலே சொன்ன எல்லாமும் அவருக்கு நேர்ந்தது. மெலிந்த உடல்வாகு, முகமும் உருவமும் பழைய மாவீரர் ஃபவுஸ்தோ கொப்பியை நினைவூட்டியதால் இத்தாலியர்கள் அவரைக் ‘கொப்பினோ’, அதாவது குட்டிக் கொப்பி என்று செல்லமாக அழைத்தார்கள். அன்று கைவிட்டுப் போன சட்டை அந்த ஆண்டு திரும்பி வரவில்லை, ஐந்தாவதாக முடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1991-இல், அவரே ஜிரோவை வென்றார். கியோச்சோலியின் கதையைக் காவியாவோடு நிறுத்திவிடுபவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

இவ்வளவு பனியில் போட்டியை ஏன் நிறுத்தவில்லை? யார் பொறுப்பு?

அப்போது ஜிரோவை நடத்தியவர் வின்சென்சோ தொரியானி. காவியாவை 1960-இல் முதன்முதலாக ஜிரோவில் சேர்த்தவரும் அவர்தான். அதன் பிறகு 28 ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறையாக அந்தக் கணவாய் பந்தயத்துக்கு வந்தது. சாலையைத் திறந்து வைக்க உழைப்பும் செலவும் ஆகியிருந்தன. அதோடு 1984-இன் நிழல் ஒன்றும் இருந்தது. அந்த ஆண்டு பனியைக் காரணம் காட்டி ஸ்தெல்வியோ கணவாயைப் பாதையிலிருந்து நீக்கினார்கள். மலையேற்றத்தில் வலிமை குறைந்த இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ மொசெருக்குச் சாதகமாக, பிரெஞ்சுக்காரர் லொரான் ஃபீஞ்ஞோனுக்கு எதிராகச் செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் பேசப்பட்டது. இந்தப் பின்னணியில், சாலை திறந்திருக்கும்போது இன்னொரு பெரிய கணவாயை நீக்குவது எந்த அமைப்பாளருக்கும் எளிதாக இருந்திருக்காது.

என் கருத்தைக் கேட்டால், ஏற்றத்தை நடத்தியிருக்கலாம். உச்சியிலேயே நேரத்தைக் குறித்துக்கொண்டு, வீரர்களை வண்டிகளில் இறக்கியிருக்க வேண்டும். அன்று யாரும் பள்ளத்தில் விழுந்து உயிரிழக்கவில்லை என்பது நற்பேறு. அந்த நாளை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் இன்னொரு முறை அப்படி நடக்கக்கூடாது என்றே விரும்புகிறேன். பன்னாட்டு சைக்கிள் சங்கம் 2016 முதல் கடும் வானிலைக்கென்று தனி நடைமுறை வைத்திருக்கிறது. உறைமழை, சாலையில் பனி, கடும் வெப்பம் போன்ற நிலைகளில் அமைப்பாளரும் வீரர்களின் பிரதிநிதிகளும் மருத்துவரும் கூடிப் பேசிப் பாதையை மாற்றவோ கட்டத்தை நிறுத்தவோ முடியும்.

மறுநாளும் மலைதான் என்று படித்தேன். அதே ஆட்கள் எப்படி ஓட்டினார்கள்?

மறுநாள் போர்மியோவிலிருந்து 2,758 மீட்டர் உயரமுள்ள ஸ்தெல்வியோவைத் தாண்டி மெரானோ பக்கம் போக வேண்டும் என்பது திட்டம். பனியால் ஸ்தெல்வியோ நீக்கப்பட்டு, கட்டம் சுருக்கப்பட்டது. முந்தைய நாள் எடுக்காத முடிவை மறுநாள் எடுத்தார்கள்.

‘பெரிய ஆண்கள் அழுத நாள்’ என்கிறார்களே, அது மிகைதானே?

மிகையில்லை. போர்மியோ வந்து சேர்ந்தவர்களில் பலரால் தாமாகச் சைக்கிளிலிருந்து இறங்க முடியவில்லை; சட்டைப் பொத்தானைக்கூடப் பிறர்தான் கழற்றிவிட வேண்டியிருந்தது. மரத்த கைகால்களில் மீண்டும் இரத்தம் பாயும்போது வரும் வலி, மரத்துப்போவதைவிடக் கொடியது. குளிர்ந்த நீரில் நெடுநேரம் கை வைத்துவிட்டு வெந்நீரில் நனைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் நூறில் ஒரு பங்காவது தெரிந்திருக்கும். வழியில் நின்று விரல்களின் மேல் தம் சிறுநீரையே விட்டுச் சூடேற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஹாம்ப்ஸ்டனே கோட்டைக் கடந்ததும் அணியின் காருக்குள் அமர்ந்து, நடுக்கம் நிற்காமல், அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வர இருந்த வேளையில்தான் இளஞ்சிவப்புச் சட்டை தமக்கு வந்துவிட்டதை அறிந்தார்.

காவியாவோடு ஜிரோ முடிந்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. காவியா நாள் முடிவில் ஹாம்ப்ஸ்டனுக்கும் ப்ரூக்கிங்குக்கும் இடையே மொத்த நேரத்தில் இருந்தது 15 வினாடிதான். இன்னும் ஒரு வாரம் பாக்கி. வெத்ரியோலோ என்ற இடத்துக்கு மலையேற்றமாக நடந்த தனிநபர் நேர ஓட்டத்தை (ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் கட்டம்) ஹாம்ப்ஸ்டன் வென்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டார். காவியாவுக்கு முன்பே செல்வீனோ மலையில் முடிந்த 12-ஆம் கட்டத்தையும் அவர் வென்றிருந்தார். ஜூன் 12 அன்று வித்தோரியோ வெனெத்தோவில் பந்தயம் முடிந்தபோது ப்ரூக்கிங்கைவிட 1 நிமிடம் 43 வினாடி முன்னிலை. சுவிட்சர்லாந்தின் உர்ஸ் ட்சிம்மர்மான் மூன்றாவது. மலையேற்ற வீரருக்கான சட்டையும் ஹாம்ப்ஸ்டனுக்கே. ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கர் அவர். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து வென்றவர்களிலும் அவரே முதல்வர்.

இதைவிடக் கொடிய நாள் ஜிரோவில் இருந்ததா?

1956-ஐச் சொல்ல வேண்டும். ஜூன் 8 அன்று, 240 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி மொந்தே பொந்தோனே மலையில் முடிந்த கட்டம் பனிப்புயலில் சிக்கியது. ஏறக்குறைய பாதிப் பேர் விலகிக்கொண்டார்கள். இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த பஸ்குவாலே ஃபொர்னாராவும் விலகினார். லக்சம்பர்க் நாட்டின் சார்லி கால் அந்தக் கட்டத்தையும் ஜிரோவையும் வென்றார். விலகியோர் எண்ணிக்கையைப் பார்த்தால் அதுதான் கொடியது. ஆனால் அங்கே முடிவுக்கோடு மலை உச்சியில் இருந்தது. கோட்டைக் கடந்தவரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். காவியாவில் உச்சிதான் வேதனையின் தொடக்கம்.

2014 மே 27-ஐயும் சிலர் ஒப்பிடுவார்கள். காவியாவையும் ஸ்தெல்வியோவையும் பனியில் தாண்டிய கட்டம் அது. ஸ்தெல்வியோ இறக்கத்தில் பந்தயம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறதா இல்லையா என்ற குழப்பம் எழுந்து, கொலம்பியாவின் நைரோ கின்தானா உள்ளிட்ட சிலர் முன்னேறிவிட, அன்றே இளஞ்சிவப்புச் சட்டை அவருக்குக் கைமாறியது. அங்கும் இறக்கம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

காவியாவில் உச்சியை முதலில் கடந்தவர் தோற்றது 1988-இல் மட்டும்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் மெச்சுகிறேன், ஏனென்றால் விடை 1960-இல் இருக்கிறது. காவியா முதன்முதலாக வந்த அந்த ஆண்டில் உச்சியைத் தனியாக முதலில் கடந்தவர் இத்தாலிய இளைஞர் இமேரியோ மாசிஞ்ஞான். இறக்கத்தில் அவருடைய டயர் மீண்டும் மீண்டும் பஞ்சரானது. மேலே சொன்ன அதே சார்லி கால் அவரை எட்டிப் பிடித்துப் போர்மியோவில் வென்றார். 1988 வரை காவியா இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் உச்சியில் முன்னிலை பெற்றவரை இறக்கம் வீழ்த்தியது. அன்றைய முதுநிலை ரசிகர்கள் வான் டர் வெல்டேயைக் கண்டபோது மாசிஞ்ஞானை நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகு காவியா அடிக்கடி வந்ததா? இப்போது போனால் அதே சாலையில் ஓட்டலாமா?

பலமுறை திட்டமிடப்பட்டது, பலமுறை பனி தடுத்தது. மறு ஆண்டே, 1989-இல், காவியாவைத் தாண்ட வேண்டிய கட்டம் கைவிடப்பட்டது. 2013-இலும் கட்டம் ரத்து. 2019-இல் காவியாவை நீக்கிவிட்டுப் பாதையை மாற்றினார்கள். 1999-இல் வந்தபோது தேதியும் ஜூன் 5-தான். ஆனால் அன்று காலை இரத்தப் பரிசோதனை முடிவால், இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த இத்தாலியர் மார்கோ பந்தானி விலக்கப்பட்ட செய்தி எல்லாவற்றையும் மூடிவிட்டதால், அந்த ஏற்றம் யாருக்கும் நினைவில் இல்லை.

சாலை இன்று முழுவதும் தார் போடப்பட்டிருக்கிறது. தெற்குப் பக்கத்து ஏற்றத்தின் மேற்பகுதியில் ஒரு சுரங்கப்பாதை வந்து, பழைய சாலையின் ஒரு துண்டைக் கழித்துவிட்டது. ஆகவே 1988-இன் சாலையில் அப்படியே ஓட்டுவது இனி முடியாது. போகிறவர்கள் விளக்கு எடுத்துச் செல்லுங்கள். வெயில் அடித்தாலும் காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்றைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கடுமையாகக் கேட்கிறேன். மற்றவர்களுக்குக் கையுறை கிடைக்கவில்லை, அவருக்குக் கிடைத்தது. இதை வீரம் என்று கொண்டாடலாமா?

கையுறை வாங்கக் கடைக்குப் போகும் வாய்ப்பு எல்லா அணிகளுக்கும் இருந்தது. பனி பெய்கிறது என்ற செய்தியும் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தச் செய்தியை நம்பி நடந்துகொண்டவர்கள் சிலர். எப்படியும் சமாளிக்கலாம் என்றோ, கட்டம் சுருக்கப்படும் என்றோ இருந்துவிட்டவர்கள் பலர். சைக்கிள் பந்தயம் என்பது ஓட்டுபவரின் கால்களோடு முடிவதில்லை; கார் ஓட்டும் மேலாளர், பை நீட்டும் உதவியாளர், உச்சியில் குடுவையோடு நின்ற ஆள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துக் கொண்டாடினால் கேள்வியில் உள்ள கசப்பு போய்விடும்.

அதோடு, தயாரிப்பு உடம்பைக் காத்ததே தவிர, ஏற்றத்தின் அடியில் வேகத்தைக் கூட்டலாம் என்று முடிவெடுத்தது ஹாம்ப்ஸ்டனின் நெஞ்சுரம். மேலே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே அவர் அதைச் செய்தார். அவர் வெறும் பனிநாள் வீரர் என்று எண்ணுபவர்கள், நல்ல வெயிலில் 1992-இல் டூர் தெ பிரான்ஸில் ஆல்ப் துவெஸ் மலைக் கட்டத்தை அவர் வென்றதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கட்டத்தை வென்ற ப்ரூக்கிங்கை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். அப்போது அவருக்கு வயது 24. உச்சிக்குப் பின்னால் தங்கி, அந்த இறக்கத்தில் அன்று வேறு எவராலும் முடியாததைச் செய்து, முன்னால் போன ஹாம்ப்ஸ்டனையே எட்டிப் பிடித்தவர். மேலே நான் அடுக்கிய உறைந்த விரல், ஈரப் பிரேக், கண்ணை மறைக்கும் பனி எல்லாம் அவருக்கும் இருந்தன. அவர் படங்கள் குறைவாகக் கிடைப்பதும், ஜிரோவை அவர் வெல்லாததும், மூன்றாவது காரணமாக அமெரிக்கர் ஒருவரின் முதல் வெற்றி என்ற செய்தியின் பெருவெளிச்சமும் அவரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. ‘1988 காவியாவில் யார் வென்றார்?’ என்று யாராவது கேட்டால், முதலில் எரிக் ப்ரூக்கிங்க் என்று சொல்லுங்கள். பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.